எண் பிடிக்கிறவள்

நவம்பர் 11, திங்கள்

இன்று முதல் தினமும் எழுத வேண்டும். முதலாளி ஞானப்பிரகாசம் சார் உத்தரவு. "ஒப்பிட்டுப் பாக்குறப்ப என்ன பாத்தீங்க, என்ன தோணுச்சுன்னு எழுதி வைங்கம்மா. கடைசில அறிக்கைக்கு ஆகும்" என்றார். அலுவலகத்துக்கு ஒரு குறிப்பு தனியாக எழுதிவிட்டேன். பார்த்ததெல்லாம் அதில் இருக்கிறது. தோன்றியதை அதில் எழுதினால் வேலை போய்விடும் என்பதால் இது.

விஷயம் இதுதான். என் பெயர் மங்கையர்க்கரசி. எந்த விண்ணப்பத்தின் கட்டத்திலும் அடங்காத பெயர், அதனால் எல்லோருக்கும் அரசி. வயது முப்பத்தேழு. மதுரை கே.கே. நகரில் 'தோரணவாசல்' என்ற கல்யாண இணையதளத்தில் மென்பொருள் எழுதுகிறேன். என் தனிப் பொறுப்பு, கல்யாணம் பேச வந்தவர்கள் பணம் கட்டாமல் ஒருவருக்கொருவர் போன் நம்பர் கொடுத்துவிடாதபடி தடுப்பது. ஊரில் நாலு பேரைச் சேர்த்து வைத்தால் புண்ணியம் என்பார்கள். நான் சம்பளம் வாங்கிக்கொண்டு பிரித்து வைக்கிறேன்.

இதற்கு ரெகெக்ஸ் என்ற கருவி இருக்கிறது. தேட வேண்டியதன் வடிவத்தை எழுதிக் கொடுத்தால், எவ்வளவு பெரிய எழுத்துக் குவியலிலும் அந்த வடிவம் எங்கே இருக்கிறது என்று அது தேடிப் பிடித்துவிடும். பத்து இலக்கம், நடுவில் இடைவெளி இருக்கலாம், புள்ளி இருக்கலாம் என்று எழுதினால் போதும், நம்பர் மாட்டிக்கொள்ளும். நேற்று முகூர்த்த நாள், தளத்தில் நல்ல கூட்டம். யாரோ ஒரு புண்ணியவான் இலக்கங்களுக்கு நடுவே புள்ளி புள்ளியாகக் கோலம் போட்டு அனுப்ப, எங்கள் ரெகெக்ஸ் எஞ்சின் அதில் சிக்கி மூச்சு நின்று, தளமே படுத்துவிட்டது. அதனால் இப்போது உத்தரவு: வேறு என்ன எஞ்சின்கள் இருக்கின்றன, எழுதிய வடிவத்தைச் சோதிக்க என்னென்ன கருவிகள் இருக்கின்றன, எல்லாவற்றையும் ஒப்பிட்டு ஒன்றைச் சொல்ல வேண்டும். கெடு 29ஆம் தேதி.

ஒப்பிடு என்று சொன்னால் எனக்குக் கொண்டாட்டம். ஒன்றைச் சொல் என்றால்தான் திண்டாட்டம்.

நவம்பர் 12, செவ்வாய்

சோதிக்கும் கருவிகள் பார்த்தேன். அசல் பெயர்கள் வாயில் நுழையாததால் நானே பெயர் வைத்துக்கொண்டேன்.

முதலாவது மினுக்கி. பொருந்தும் இடங்களையெல்லாம் பச்சை, நீலம், மஞ்சள் என்று பளிச்சென்று காட்டும். பார்த்துக்கொண்டே இருக்கலாம். இரண்டாவது தண்டவாளம். நாம் எழுதிய வடிவத்தை ரயில் பாதை மாதிரி படம் வரைந்து காட்டும். எங்கே பிரிகிறது, எங்கே சேர்கிறது என்று விரலால் தொட்டுப் போகலாம். மூன்றாவது உம்மணாமூஞ்சி. நிறமும் கிடையாது, படமும் கிடையாது. ஒவ்வொரு அடியிலும் எஞ்சின் என்ன முயன்றது, எங்கே தோற்றது என்று கணக்கு மட்டும் சொல்லும்.

உம்மணாமூஞ்சிதான் உருப்படியானது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. நாள் முழுக்க மினுக்கியோடு இருந்தேன்.

பக்கத்து இருக்கை பெனாசிர் எட்டிப் பார்த்தாள். நான் எழுதுவதைச் சோதித்துத் தப்புக் கண்டுபிடிப்பது அவள் வேலை. அதை அலுவல் நேரத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை.

"என்னக்கா, அட்டவணை போடுறியா? மாப்பிள்ளைகளுக்கு ஒண்ணு போட்டியே, அது மாதிரியா?"

அப்படி ஒன்று போட்டது உண்மை. இப்போது போடுவது போலவே பதினோரு பத்தி. அதில் தேறியவர் யாருமில்லை. அட்டவணை மட்டும் நன்றாக வந்திருந்தது.

நவம்பர் 13, புதன்

சோதனைக்கு உண்மையான செய்திகள் வேண்டும். தடுக்கப்பட்ட செய்திகளின் கட்டு ஒன்று தினமும் காலையில் எனக்கும் பெனாசிருக்கும் வரும். அனுப்பியவர், பெறுபவர் பெயர்கள் இருக்காது. எண்களின் வரிசையும் மாற்றப்பட்டிருக்கும். எண்களைக் குழப்பும் நிரல் நான் எழுதியது. இதில் உள்ள எதையும் வைத்து யாரையும் தொடர்புகொள்ள மாட்டேன் என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

மனிதர்களின் மூளையே மூளை. ஒருவர் முருகன் முகம், பாண்டவர், நவக்கிரகம் என்று பக்தி மணக்க நம்பர் அனுப்பியிருக்கிறார். இன்னொருவர் இட்லிக் கணக்கு சொல்வது போல எழுதியிருக்கிறார். 'போன்', 'நம்பர்', 'வாட்ஸப்' என்ற சொற்கள் வந்தாலே செய்தியை மொத்தமாக விழுங்கிவிடும்படி போன வருஷம் ஒரு வரி சேர்த்தேன். அதனால் பக்திமான் மாட்டிக்கொண்டார். அந்த ஒரு வரிக்காக ஆண்டு விழாவில் எனக்குச் சால்வை போட்டார்கள்.

விழுங்கியது அனுப்பியவருக்குத் தெரியாது. 'அனுப்பப்பட்டது' என்றே காட்டும். "சொன்னா அடுத்த வழி தேடுவாங்கம்மா" என்பது சாரின் கொள்கை.

நவம்பர் 14, வியாழன்

அட்டவணையில் இன்னும் இரண்டு பத்தி சேர்த்தேன். அலுவலகப் பூனை யுபிஎஸ் மேல் தூங்கியது. நானும் கிட்டத்தட்ட.

நவம்பர் 15, வெள்ளி

ஒன்றை எழுதி வைக்க வேண்டும், சோதனைக்குச் சம்பந்தப்பட்டது என்பதால் மட்டும்.

கல்யாணமாகாத ஊழியர்களும் தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது எங்கள் அலுவலக வழக்கம். நம் கடைச் சாப்பாட்டை நாமே சாப்பிடாவிட்டால் எப்படி என்பார் சார். என் பதிவை அம்மாதான் போட்டார். ஊழியர்களின் நம்பர் மட்டும் பணம் கட்டியவர்களுக்கும் காட்டப்படாது. பணம் கட்டி மற்றவர் நம்பரைப் பார்க்க ஊழியர்களுக்கும் வழியில்லை. அந்தப் பதிவுக்கு அக்டோபரிலிருந்து ஒருவர் செய்தி அனுப்புகிறார். பெயர் தவமணி, நாற்பத்தொரு வயது, உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் மேலக்கோடாங்கிபட்டி அரசு கால்நடை மருந்தகத்தில் டாக்டர். செய்திகள் சரியாகப் போய்ச் சேர்கின்றனவா என்று பார்ப்பதற்காகப் பதில் போட்டு வருகிறேன். தினமும். சில நாள் இரண்டு தடவை.

அவர் பெரும்பாலும் ஆடு மாடு பற்றித்தான் எழுதுவார். சினையாக இருந்த ஒரு வெள்ளாடு மூன்று நாளாக எங்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு என்ன ஆனது என்று தெரியாமல் இரண்டு நாளாக எனக்கு வேலை ஓடவில்லை.

இன்றைய செய்திக் கட்டில் ஒன்று. 'நீங்கள் கேட்ட வெள்ளாடு இரண்டு குட்டி போட்டுவிட்டது. இரண்டும் பெட்டை. நேரில் சொன்னது போல இருக்கட்டும் என்று ஆசை. என் போன் நம்பர்:' அதற்குப் பிறகு பத்து இலக்கம்.

மதுரை மாவட்டத்தில் எத்தனையோ வெள்ளாடு குட்டி போட்டிருக்கும். ஆனால் கேட்டது நான்.

மாடிப்படியில் போய் நின்று அந்த எண்ணை அழைத்தேன். கையெழுத்துப் போட்டதெல்லாம் நினைவில் இல்லை. அந்தப் பக்கம் ஒரு கனத்த குரல்.

"சொல்லுங்க, முனியாண்டி பந்தல் ஸ்டோர், ராசவாளையம்."

எண்களைக் குழப்பும் நிரலை எழுதியவள் நானே என்பது அப்போதுதான் நினைவு வந்தது.

"தப்பா போட்டுட்டேங்க" என்றேன்.

"பரவால்லக்கா. விசேசம் எதுவும் இருக்கா? சேர், சாமியானா, மேடை எல்லாம் நம்மகிட்ட இருக்கு. என்னைக்கு?"

வைத்துவிட்டேன். செய்தது தப்பு. அதையாவது ஒழுங்காகச் செய்தேனா என்றால் அதுவும் இல்லை.

நவம்பர் 18, திங்கள்

எஞ்சின்களுக்கு வந்துவிட்டேன். ஆராய்ந்து பார்த்தால் அடிப்படையில் இரண்டு ரகம்தான்.

ஒன்று கில்லாடி. நாம் இப்போது வைத்திருப்பதும் இந்த ரகம்தான். என்ன வித்தை கேட்டாலும் செய்யும். முன்னால் வந்ததை நினைவில் வைத்துப் பின்னால் ஒப்பிடும், எட்டிப் பார்க்கும். ஆனால் ஒரு குணம். ஒன்பது இலக்கம் பொருந்தி பத்தாவது பொருந்தாவிட்டால் விடாது. திரும்பிப் போய் வேறு விதமாகப் பிரித்துப் பார்க்கும். அதுவும் ஆகாவிட்டால் இன்னொரு விதம். கிட்டத்தட்டப் பொருந்தி கடைசியில் பொருந்தாத ஒன்று வந்தால், யோசித்து யோசித்தே உட்கார்ந்துவிடும். அன்றைக்குத் தளம் படுத்தது அப்படித்தான்.

இன்னொன்று சாது. எழுத்து எழுத்தாக ஒரே தடவை நேராகப் போகும். முடித்ததும் உண்டு, இல்லை என்று சொல்லிவிடும். திரும்பிப் பார்க்கிற பழக்கமே இல்லை. அதனால் நான்கைந்து வித்தைகள் தெரியாது. ஆனால் எந்தச் செய்தி வந்தாலும் படுக்காது.

பெனாசிருக்கு இதை விளக்கினேன். அவள் டீயை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அக்கா, கில்லாடி நீதான். அந்த தேனி பேங்க்காரரு எல்லாம் சரியா இருந்தாரு, சிரிக்கறப்ப சத்தம் வருதுன்னு ஆறு மாசம் யோசிச்சே. அவருக்கு இப்ப பையனே பொறந்துட்டான்."

"நாம எஞ்சினைப் பத்திப் பேசுறோம்டி."

"நானும் அதத்தான சொல்றேன்."

ராசவாளையம் பந்தல்காரர் திருப்பி அழைத்தார். தேதி முடிவாகிவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

நவம்பர் 20, புதன்

இன்று நான் செய்த காரியத்தை எங்கள் தொழிலில் இருப்பவர்கள்தான் செய்ய முடியும்.

இலக்கங்களைத் தமிழில் எழுத்தாக எழுதி அனுப்புகிறவர்களைப் பிடிக்க, ஒன்பது, எட்டு, நான்கு என்று சொற்களைத் தேடும் புதிய வடிவம் ஒன்று தயாரித்தேன். பழைய வரிகளையும் அதிலேயே சேர்த்து அழகாக மாற்றி எழுதினேன். மினுக்கியில் போட்டால் எல்லாம் பச்சை. காலையில் தளத்தில் ஏற்றிவிட்டேன்.

மினுக்கிக்குள் ஓடும் எஞ்சின் வேறு, தளத்தில் ஓடும் எஞ்சின் வேறு. ஒரு சொல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று மினுக்கிக்குத் தமிழிலும் தெரியும். எங்கள் தளத்து எஞ்சினுக்கு ஆங்கிலத்தில் மட்டும்தான் தெரியும். தமிழில் ஒன்றுமே எழுதவில்லை என்று அது நினைத்துக்கொள்கிறது. ஆக, காலையிலிருந்து சாயங்காலம் வரை தமிழில் எழுதிய நம்பர் அத்தனையும் தங்குதடையில்லாமல் போயிருக்கிறது. பெனாசிர்தான் கண்டுபிடித்தாள். சார் அறைக்குள் கூப்பிட்டார்.

"அரசிம்மா, இன்னைக்கு ஒரு நாள்ல எத்தன பேரு நம்மள விட்டுப் போயிருப்பாங்க தெரியுமா?"

எத்தனை பேர் சேர்ந்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. "சாரி சார்" என்றேன்.

உடனே சரிசெய்தேன். வாசல் திறந்து கிடந்த இந்த ஒரு நாளில் அந்த மனிதர் எனக்கு என்ன அனுப்பியிருக்கிறார் என்று ஆசையோடு போய்ப் பார்த்தேன். வயிறு உப்பிய எருமைக்குக் கடலை எண்ணெய் புகட்டிய கதையை விரிவாக எழுதியிருந்தார். கதை நன்றாகத்தான் இருந்தது. எருமை பிழைத்துவிட்டது. நான்தான் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 22, வெள்ளி

இன்றைய செய்திக் கட்டில்: 'குட்டி போட்ட சேதியோடு நம்பர் அனுப்பியிருந்தேன். இலக்கமாக எழுதினால் தளம் விழுங்கிவிடும் என்று தங்கை சொல்கிறாள். எழுத்தாக எழுதுகிறேன்.' அதற்குப் பிறகு ஒன்பது, நான்கு என்று பத்து சொல். அனுப்பியது நேற்றுக் காலை. அதற்கு முந்தைய சாயங்காலம்தான் என் கையால் வாசலைச் சாத்தினேன்.

என் புதிய வடிவம் அருமையாக வேலை செய்கிறது. குழப்பும் நிரலும் சொற்களை அருமையாகக் குழப்பியிருக்கிறது. என் திறமைக்கு இன்னொரு சால்வை போடலாம்.

நவம்பர் 23, சனி

வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. தடைபடாமல் முழுசாக வந்தது.

'இரண்டு முறை கொடுத்துப் பார்த்தேன். நீங்கள் கூப்பிடவில்லை. தப்பாக நினைக்கவில்லை, எல்லோருக்கும் விருப்பு வெறுப்பு உண்டு. என் கணக்கு 30ஆம் தேதியோடு முடிகிறது. நீட்டிக்கப் போவதில்லை. ஆட்டுக் கதையெல்லாம் பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி. நீங்கள் கேட்ட அளவுக்கு ஆட்டுக்காரரே கேட்டதில்லை.'

நான் கூப்பிடவில்லையாம். ராசவாளையம் வரைக்கும் கூப்பிட்டிருக்கிறேன்.

உட்கார்ந்து பதில் எழுதினேன். நிறைய எழுதி, நிறைய அழித்து, கடைசியில் நேராகவே எழுதினேன். 'உங்கள் போன் நம்பர் எனக்கு வரவே இல்லை. வந்திருந்தால் அன்றைக்கே கூப்பிட்டிருப்பேன்.' அனுப்பிவிட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விஷயத்தை அட்டவணை போடாமல் செய்திருக்கிறேன்.

நவம்பர் 24, ஞாயிறு

பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் மாடுகளுக்கு வயிறு உப்பும். சிக்னல் இருக்காது. அம்மா செய்த மீன் குழம்பில் உப்பு இல்லை என்றேன். இருக்கிறது என்றார் அம்மா.

நவம்பர் 25, திங்கள்

காலையில் கட்டைத் திறந்தேன். முதல் பக்கத்திலேயே இருந்தது.

'உங்கள் போன் நம்பர் எனக்கு வரவே இல்லை. வந்திருந்தால் அன்றைக்கே கூப்பிட்டிருப்பேன்.'

போன் என்ற சொல். நம்பர் என்ற சொல். போன வருஷம் நான் சேர்த்த வரி, சால்வை வாங்கித் தந்த வரி, என் செய்தியைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு எனக்கே 'அனுப்பப்பட்டது' என்று காட்டியிருக்கிறது. கட்டில் இருப்பவர்களைப் பார்த்து இத்தனை வருஷம் சிரித்திருக்கிறேன். இன்று நானும் அதில் ஒருத்தி.

பெனாசிரும் அதே கட்டைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். நாற்காலியை நகர்த்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, இது நீயா?"

பேர் இல்லாத செய்தி. இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"ஆமாடி."

"ஆட்டு டாக்டருக்கா?"

அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "ஒரு மாசமா சாப்பாட்டு நேரத்துல கோமாரி நோயப் பத்திப் பேசுறியே, வேற யாரு சொல்லிக் குடுத்துருப்பா?" என்றாள்.

தடுக்கும் சொல் எதுவும் இல்லாமல் உடனே ஒன்று எழுதினேன். 'நீங்கள் அனுப்பிய இரண்டும் என்னிடம் வந்து சேரவில்லை. கணக்கை முடிக்க வேண்டாம்.' இந்தத் தடவை போனது. நானே சோதித்துப் பார்த்துத்தான் அனுப்பினேன். ஆனால் அவர் பதிவில் 'கடைசியாக வந்தது: நவம்பர் 23' என்றிருக்கிறது. என்னிடம் விடைபெற்றுப் போனவர் அதன்பின் தளத்தைத் திறக்கவே இல்லை.

நவம்பர் 27, புதன்

இன்னும் திறக்கவில்லை.

பெனாசிர் ஒரு யோசனை சொன்னாள். எல்லா உறுப்பினர்களின் உண்மையான நம்பரும் எங்கள் சேமிப்பில் இருக்கிறது. பார்க்க ஒரு வரி எழுதினால் போதும். எனக்கு அனுமதி உண்டு. யாரும் கேட்க மாட்டார்கள்.

"உனக்குக் குடுக்கணும்னு அவரே ரெண்டு தடவ அனுப்புனதுதானக்கா. திருட்டா இது?"

அந்த வரியை எழுதினேன். பொத்தானை அழுத்தாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த நம்பர் வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பதை இந்த நாட்குறிப்பில்கூட நேராக எழுதாமல், சோதனைக்காக, சோதனைக்காக என்று ஜல்லியடித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் இன்று நான் எடுத்துப் பார்த்தால், நாளைக்கு இந்த அறையில் இருக்கிற எவனும் எந்தப் பெண்ணின் நம்பரையும் எடுத்துப் பார்க்கலாம். அவனுக்கும் ஒரு நல்ல காரணம் இருக்கும்.

வரியை அழித்தேன். பிறகு அரை மணி நேரம் பெண்கள் கழிப்பறையில் முகம் கழுவினேன். அழுதேன் என்று எழுதிவிடலாம், யார் படிக்கப் போகிறார்கள்.

நவம்பர் 28, வியாழன்

வீட்டில் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்:

"அந்தத் தவமணி தம்பி என்ன சொல்லுது?"

எந்தத் தவமணி என்றேன். குரல் எனக்கே பொருந்தவில்லை.

"பதிவு போட்டது யாரு? பாஸ்வேர்டு எங்கிட்டதான இருக்கு. ஒரு மாசமா ஆட்டுக்கதை படிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். நல்ல மனுசன். எருமைக்கு எண்ணெய் குடுத்தத எம்புட்டு அக்கறையா எழுதியிருக்கு."

மானம் போனதில் இனி மிச்சமில்லை என்பதால் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். எஞ்சின், விழுங்கிய செய்தி, 30ஆம் தேதி, எடுக்காமல் விட்ட நம்பர். அம்மா முழுதும் கேட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயத்துக்குத்தான்.

"ஏன்டி, அது ஆஸ்பத்திரி எங்க இருக்கு?"

"மேலக்கோடாங்கிபட்டி."

"உசிலம்பட்டிக்கு எத்தன பஸ்சு போகுது. அங்கருந்து மினிபஸ்சு. சர்க்காரு ஆஸ்பத்திரி, வர்றவுகள வெரட்டவா போறாக? இதுக்குப் போயி நம்பரு, நம்பருனு நிக்கிறியே."

மூன்று சோதனைக் கருவி, இரண்டு ரக எஞ்சின், பதின்மூன்று பத்தி அட்டவணை. இதில் எங்கேயும் பேருந்து என்று ஒரு பத்தி இல்லை.

நவம்பர் 29, வெள்ளி

அறிக்கை கொடுத்தேன். நான் எழுதிய அறிக்கைகளிலேயே சின்னது. எஞ்சின்: சாது. தெரியாத வித்தைகள் நமக்குத் தேவையில்லை, படுக்காமல் இருப்பதுதான் தேவை. சோதனைக் கருவி: உம்மணாமூஞ்சி, அதுவும் தளத்தில் ஓடும் அதே எஞ்சினை உள்ளே பொருத்தி. மினுக்கி அழகாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கடைசியில், கேட்காத ஒன்றையும் எழுதியிருந்தேன். செய்தியைத் தடுத்தால் அனுப்பியவருக்கு அதைச் சொல்ல வேண்டும். சார் அங்கே விரலை வைத்தார்.

"இது எஞ்சின் விசயமில்லையேம்மா."

"இல்ல சார்."

"சொன்னா வேற வழி தேடுவாங்க."

"தேடட்டும் சார். நாம புடிப்போம். சொல்லாம விட்டா, எதிர்ல இருக்குறவங்க பதில் போடலன்னு நினைச்சுட்டுப் போயிருறாங்க. கல்யாணம் பண்ணி வைக்கிறோம்னுதான வாசல்ல எழுதியிருக்கோம்."

எனக்கு இப்படிப் பேச வரும் என்று எனக்கே தெரியாது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு மாசம் வச்சுப் பாப்போம்" என்றார்.

வெளியே வந்து யுபிஎஸ் மேலிருந்த பூனையைத் தூக்கினேன். எங்கே கொண்டுபோகிறாய் என்றாள் பெனாசிர். டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றேன். "அதுக்கு என்ன?" என்று கேட்க ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திவிட்டு ஓடிப்போய் ஒரு அட்டைப்பெட்டி கொண்டுவந்தாள். காற்றுக்கு ஓட்டையும் அவளே போட்டாள்.

நவம்பர் 30, சனி

பேருந்தில் பூனை கத்திக்கொண்டே வந்தது. நடத்துநர் அதற்கும் டிக்கெட் போடலாமா என்று யோசிப்பது போலப் பார்த்தார். மினிபஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து, எனக்கு முன்னால் போன ஒரு கன்றுக்குட்டியின் பின்னாலேயே நடந்தேன். அது சரியாகத்தான் போனது.

வரிசையில் நாலைந்து ஆடு, அந்தக் கன்று, கடைசியில் நான். டாக்டருக்குப் படத்தில் பார்த்ததைவிடத் தலைமுடி குறைவு. சிரிக்கும்போது சத்தம் வந்தது. ஆட்டுக்காரர் ஒருவர் ஏதோ சொல்ல, மருந்தகம் முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தார். எனக்கு அது பிடித்திருந்தது. அந்தத் தேனிக்காரரிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

என் முறை வந்தது. நிமிராமலே பெட்டியைத் திறந்தார். பூனையின் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"என்னம்மா தொந்தரவு இதுக்கு?"

"அதுக்கு ஒண்ணும் இல்லங்க."

நிமிர்ந்தார்.

"அந்த ரெண்டு பெட்டைக் குட்டியும் நல்லா இருக்கா?" என்று கேட்டேன்.

பூனையின் வயிற்றிலிருந்து கையை எடுத்தார். பூனை மட்டும் பேசியது.

"நீங்க… மங்கையர்க்கரசிங்களா?"

முழுப் பெயரையும் ஒரே மூச்சில் சொன்னார்.

"ரெண்டு தடவ நம்பர் அனுப்புனேங்க."

"தெரியும். எனக்கு வரல. வழியில தடுத்துட்டாங்க."

"யாரு தடுத்தது?"

வேறு யார் மேலாவது பழி போட ஒரு நொடி மனசு அலைந்தது. இல்லை, இதை நேராகச் சொல்லிவிட வேண்டும்.

"நாந்தாங்க. அதுதான் எனக்கு வேலை."

அவர் என்னையே பார்த்தார். பிறகு அந்தச் சிரிப்பு. பூனை பெட்டிக்குள் பதுங்கிவிட்டது. வரிசையில் எனக்குப் பின்னால் வந்து நின்ற பெரியவர், "சீக்கிரம் பாத்து விடுங்கய்யா, எம் மாடு நிக்கிது" என்றார்.

தவமணி ஒரு சீட்டை எடுத்தார். விலங்கு என்ற இடத்தில் பூனை என்று எழுதினார். நோய் என்ற இடத்தில் கோடு போட்டார். பேனாவை அடுத்த கட்டத்தில் வைத்துக்கொண்டு, அலுவல் குரலை வரவழைக்கப் பார்த்துத் தோற்றுப்போய்க் கேட்டார்:

"உரிமையாளர் போன் நம்பர் சொல்லுங்க. கட்டாயம் எழுதணும், சர்க்காரு விதி."

சொன்னேன். இலக்கம் இலக்கமாக, நிறுத்தி நிறுத்தி. ஒன்றுகூட விழுங்கப்படவில்லை.

டிசம்பர் 2, திங்கள்

பூனை எப்படி இருக்கிறது என்று விசாரிக்க நேற்று அழைப்பு வந்தது. நோயே இல்லாத பூனையைப் பற்றி இவ்வளவு நேரம் பேச முடியும் என்று எனக்குத் தெரியாது.

சாதுவைத் தளத்தில் ஏற்றிவிட்டோம். தடுக்கப்பட்டவர்களுக்கு இப்போது செய்தி போகிறது. காலையிலிருந்து திட்டி எழுதுகிறார்கள். படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது.

மத்தியானம் ராசவாளையம் பந்தல்காரர் அழைத்தார்.

"அக்கா, தேதி முடிவாயிருச்சா?"

"இன்னும் இல்லண்ணே" என்றேன். "ஆனா இந்த நம்பர வச்சுக்கங்க."